மீன் முத்திரை ரூபாய்

இஸ்லாமிய அரசுகளில் ஆட்சியுரிமையை உலகறியச் செய்தவை இரண்டு: ஒன்று, ஜும்ஆ குத்பாவில் ஓதப்படும் பெயர், மற்றொன்று, நாணயத்தில் பொறிக்கப்படும் பெயர். இவ்விரண்டாவது உரிமை பட்ட பாட்டை, அவத் நவாபுகளின் வெள்ளி ரூபாய்களைத் திரட்டுவோர் கையிலேந்தியே காணலாம்.

லக்னோ அக்கசாலையில் அடிக்கப்பட்ட மீன் முத்திரை ரூபாயில் காணப்படும் ஊர்ப்பெயர் லக்னோ அன்று, முஹம்மதாபாத் பனாரஸ். அந்நகரோ 1775இலேயே ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆட்சியாண்டு எப்போதும் 26 தான். இரண்டாம் ஷா ஆலமின் இருபத்தாறாம் ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டு மட்டும் மாறிக்கொண்டே செல்கிறது. 1788இல் குலாம் காதிரால் கண்கள் பறிக்கப்பட்டு, 1806இல் (ஹிஜ்ரி 1221) மறைந்த அப்பாதுஷாவின் பெயரில் ஹிஜ்ரி 1230 பொறித்த காசும் உண்டு. டில்லியில் அப்போது வீற்றிருந்தவர் அவர்தம் மகன் இரண்டாம் அக்பர்!

இந்த ஹிஜ்ரி ஆண்டைப் படிப்பதுதான் சிரமம். அச்சு, வெள்ளித் துண்டைவிட அகலமானது. எனவே எண்களில் ஒன்றிரண்டு விளிம்புக்கு வெளியே போய்விடும். ஆண்டு முழுதும் தெரியும் காசையே சேகரிப்போர் தேடுகின்றனர். சராபுகள் சோதித்துக் குத்திய சிறு அடையாளங்கள் விலையைக் குறைக்கும் என்பர். எம்மைப் பொறுத்தவரை, அக்காசு கடைவீதியில் கைமாறியதற்கு அவையே சாட்சி.

1819 அக்டோபரில் காஜியுத்தீன் ஹைதர், கம்பெனியாரின் ஊக்கத்தால் பாதுஷாவாக முடிசூடித் தம் பெயரிலேயே ரூபாய் வெளியிட்டார். இரு மீன்கள், மேலே மகுடம், இருபுறமும் கொடியேந்திய புலிகள் என ஐரோப்பியப் பாணியில் சின்னம் அமைந்தது. டில்லியின் பெயர் நீங்கிற்று. கம்பெனியின் பிடி நீங்கவில்லை. 1856இல் அவத் அரசே அதன் வசமாயிற்று.