கிராபிக்ஸ் கார்டு மாற்றியபின் லினக்ஸ் திரை சுருங்கிவிட்டதா? கார்டைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியைத் தூக்கி எறிய மனமின்றி, உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளங்களுக்கு மாறியவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கணினிக்குக் கொஞ்சம் வேகம் கூட்டலாம் என்று கோலாலம்பூர் லோயாட் பிளாசாவிலோ சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரிலோ ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் பொருத்தும்போதுதான் ஒரு சிக்கல் தலைகாட்டுகிறது.

கணினி இயங்கும், ஆனால் எழுத்துகளும் சின்னங்களும் பெரிது பெரிதாகத் தெரியும். 1920 × 1080 அளவில் இருந்த திரை 1024 × 768 அல்லது 800 × 600 அளவுக்கு இறங்கியிருக்கும். அமைப்புகளில் தேடினாலும் வேறு அளவு இருக்காது.

உடனே கார்டு பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வோர் உண்டு. வன்வட்டை அழித்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவோரும் உண்டு. இரண்டாவது வழியில் பிள்ளைகளின் பள்ளி வேலைகளும் குடும்பப் படங்களும் சேர்ந்தே போய்விடலாம். பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

கார்டை இயக்கத் தெரிந்த மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். பொருத்தமான டிரைவர் கிடைக்காதபோது, லினக்ஸ் திரையை இருட்டாக விட்டுவிடாது. கணினி தொடங்கும்போது பயாஸ் அமைத்துக் கொடுத்த அடிப்படைத் திரையையே தொடர்ந்து பயன்படுத்தும். அதன் அளவு மாறாதது. ஆகவே, சிறிய திரை என்பது பெரும்பாலும் பழுதின் அடையாளமன்று; லினக்ஸ் தற்காலிகமாக ஒதுங்கியிருக்கும் இடம்.

இந்த நிலையில் எக்ஸ்ரேண்டர் போன்ற கட்டளைகளால் பெரிய அளவைத் திணிக்க முயல்வது பலன் தராது. டிரைவரைச் சரிசெய்தால் திரை அளவு தானாகவே திரும்பும்.

முதலில் கணினியின் பின்புறம்

மானிட்டர் கேபிள் புதிய கார்டில் செருகப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பழக்கத்தில் அதை மதர்போர்டின் துளையிலேயே செருகிவிடுவது சாதாரணம். தனி மின்இணைப்பு கேட்கும் கார்டு என்றால், 6 அல்லது 8 முனைகள் கொண்ட அந்த இணைப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

பழைய விஜிஏ மானிட்டரை மாற்றி வழியாக இணைத்திருந்தால் அதையும் சந்தேகிக்கலாம். மானிட்டர் தன்னால் காட்டக்கூடிய அளவுகளை ஈடிஐடி என்ற சிறு தகவலாகக் கார்டுக்கு அனுப்புகிறது. மலிவான மாற்றி அதைத் தடுத்துவிட்டால், டிரைவர் சரியாக இருந்தாலும் திரை 1024 × 768 அளவைத் தாண்டாமல் போகலாம். வேறு கேபிளால் இணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எந்த டிரைவர் ஓடுகிறது?

டெர்மினலைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ ஆகிய ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்துத் தட்டவும். ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் அதை ஒட்டி 'கே' எழுத்தும் சேர்த்து எண்டர் அழுத்தவும். நீண்ட பட்டியல் வரும். அதில் விஜிஏ என்று தொடங்கும் பகுதியில் கார்டின் பெயர் இருக்கும். அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்க வேண்டும்.

என்விடியா கார்டுக்கு அங்கே என்விடியா அல்லது நூவோ என்று இருக்கும். ஏஎம்டி கார்டுக்கு ஏஎம்டிஜிபியு. மிகப் பழையது என்றால் ரேடியான். சரியான பெயர் இருந்தும் திரை சிறியதாக இருந்தால் கேபிள், மாற்றி ஆகியவற்றை மீண்டும் பார்க்கவும். அந்த வரியே இல்லாவிட்டால் கோளாறு டிரைவரில்தான்.

என்விடியா கார்டு என்றால்

உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மிண்டில் 'டிரைவர் மேனேஜர்' என்ற செயலியைத் திறந்தால் பொருத்தமான டிரைவர்கள் வரிசையாகத் தெரியும். பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்தெடுத்து நிறுவி, கணினியை மறுபடி தொடங்கினால் போதும். இணைய இணைப்பு அவசியம். என்விடியா தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவுவதைத் தவிர்ப்பது நல்லது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அது வேலை செய்யாமல் போகக்கூடும்.

ஒரு என்விடியா கார்டை எடுத்துவிட்டு இன்னொரு என்விடியா கார்டைப் பொருத்தினாலும் இந்தத் தொல்லை வரலாம். ஒரே டிரைவர் எல்லாத் தலைமுறைக் கார்டுகளுக்கும் பொருந்தாது. ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசைகளில் பெரும்பாலான கார்டுகளுக்கு 470 என்ற பழைய டிரைவர் வரிசையே கடைசி. புதிய ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கோ, பெயரின் முடிவில் 'ஓப்பன்' என்றுள்ள டிரைவர்தான் வேண்டும். மேலும், என்விடியா டிரைவரை நிறுவும்போது நூவோ தடுக்கப்பட்டுவிடும். பழைய டிரைவர் புதிய கார்டை ஏற்காமல், நூவோவும் இல்லாமல் போவதால் திரை சுருங்குகிறது.

பலர் தவறவிடும் நீலத் திரை

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லலாம். அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று சில விநாடிகள் தோன்றும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, 'கண்டினியூ', 'யெஸ்' கொடுத்து, அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். என்னவோ ஏதோ என்று அதைக் கடந்துவிட்டால், டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் ஓடாது. அப்படி ஆகியிருந்தால் டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவி, இம்முறை நீலத் திரையில் பதில் கொடுக்கலாம்.

ஏஎம்டி கார்டு என்றால்

தனியாக டிரைவர் தேட வேண்டியதில்லை. அது கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் கெர்னலைவிடக் கார்டு புதியதாக இருந்தால் லினக்ஸுக்கு அதை அடையாளம் தெரியாது. உதாரணமாக, 2024 ஏப்ரலில் 6.8 கெர்னலுடன் வந்த உபுண்டு 24.04, 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9070 கார்டை எப்படி அறியும்? எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவினால் புதிய கெர்னலும் கார்டுக்கான ஃபர்ம்வேர் கோப்புகளும் வரும். மிண்டில் 'அப்டேட் மேனேஜர்' செயலியின் 'வியூ' பட்டியலில் 'லினக்ஸ் கெர்னல்ஸ்' பகுதியில் புதியதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பழைய கார்டு விட்டுச்சென்ற மிச்சங்கள்

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறியவர்கள், சினாப்டிக் செயலியில் என்விடியா என்று தேடி, நிறுவப்பட்ட அந்த டிரைவர் தொகுப்புகளை நீக்கிவிடலாம்.

அடுத்து, ஈடிசி கோப்புறைக்குள் உள்ள எக்ஸ்11 கோப்புறையில் 'எக்ஸார்க் கான்ஃப்' என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கார்டின் பெயரும் அது இருந்த இடமும் அதில் எழுதப்பட்டிருக்கலாம். இன்றைய லினக்ஸுக்குப் பெரும்பாலும் அந்தக் கோப்பு தேவையில்லை. ஆனாலும் அழிக்காமல், நிர்வாகி உரிமையுடன் பெயரை மட்டும் மாற்றி வைத்தால், வேண்டியபோது திரும்பப் பெறலாம்.

மூன்றாவது மிச்சம் 'நோமோட்செட்' என்ற ஒரு சொல். லினக்ஸ் நிறுவும்போது திரை வராமல் போனால், தற்காலிக வழியாக இதைச் சேர்ப்பார்கள். பிறகு நீக்க மறந்துவிடுவார்கள். அது இருக்கும்வரை ஏஎம்டி, இன்டெல், நூவோ டிரைவர்கள் வேலையைத் தொடங்கா. கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியிலிருந்து அந்தச் சொல்லை அழித்து, எஃப்10 அழுத்திச் சோதிக்கலாம். இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும் என்பதால் ஆபத்தில்லை. திரை சரியானால், ஈடிசி கோப்புறையின் 'டிஃபால்ட்' பகுதியில் உள்ள கிரப் கோப்பிலும் அதை நீக்கி, டெர்மினலில் 'சூடோ அப்டேட்-கிரப்' கட்டளையைக் கொடுத்தால் மாற்றம் நிலைக்கும்.

தொடங்கும் முன்னும் முடித்த பின்னும்

எதையும் மாற்றும் முன், மிண்டில் உள்ள டைம்ஷிப்ட் செயலியால் இயங்குதளத்தின் நிலையைப் பதிவுசெய்து வைப்பது நல்லது. அது வழக்கமாகச் சொந்தக் கோப்புகளைச் சேர்க்காது. படங்களையும் ஆவணங்களையும் தனியாக ஒரு பென்டிரைவில் நகலெடுக்க வேண்டும். இடையில் திரை முழுவதும் இருண்டுவிட்டால், கிரப் பட்டியலின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக 'ரிகவரி மோட்' திறந்து, செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறலாம்.

பழைய கார்டையும் சில நாள்களுக்கு விற்காமல் வைத்திருக்கலாம். மேலே சொன்ன அனைத்தும் பலிக்காதபோது, புதிய கார்டை வேறொரு கணினியில் பொருத்திப் பார்க்க வேண்டும். அங்கும் அதே நிலை என்றால்தான் அது பழுதான கார்டு. கடையின் மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட்டால் கொடுத்த பணம் வீணாகாது.