இறந்த காலம் செய்யும் வேலை

ஆங்கில இலக்கணத்தில் நம்மவர்களுக்கு எளிதில் பிடிபடாத விஷயங்கள் பல. அவற்றுள் மிகவும் விசித்திரமானது, சார்பு வாக்கியத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் இறந்த கால வினை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவன், "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்கிறான். அதை ஆங்கிலத்தில் இன்னொருவரிடம் எடுத்துச் சொல்லும்போது, 'ஹி செட் ஹி வாஸ் டயர்டு' என்றுதான் சாதாரணமாகச் சொல்ல வேண்டும். அவன் இருக்கிறது என்றான். நாம் இருந்தது என்கிறோம். 'சொன்னான்' என்ற தலைமை வினை இறந்த காலத்தில் இருக்கிறதாம். ஆகவே அதன் கீழ் வருகிற வினையும் ஓர் அடி பின்வாங்க வேண்டுமாம். எஜமானர் எந்தத் திசையில் நடந்தாலும் அந்தத் திசையில் நடக்கிற பழைய காலத்துக் காரியஸ்தர் மாதிரிதான்!

நம் பள்ளிக்கூடங்களில் இதை நேர்க்கூற்று, அயற்கூற்று என்று அட்டவணை போட்டு நெட்டுருப் பண்ணவைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக நம் நாட்டுப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டது ரென், மார்ட்டின் என்ற இருவர் பெயரைத் தாங்கிய புத்தகத்தில். அந்த ரென் துரை ஒரு நாவலாசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் உத்தியோகம் பார்த்துவிட்டுத் தாய்நாடு திரும்பியவர், 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை எழுதிப் பெரும் புகழ் அடைந்தார். சஹாரா பாலைவனத்துப் பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றிய வீர சாகசக் கதை அது. பாலைவனத்துத் துப்பாக்கிச் சத்தமும் இலக்கண அட்டவணையும் ஒரே பேனாவிலிருந்து வந்திருக்கின்றன. நாவலுக்கும் இந்த விதிக்கும் அதைவிட நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் பழைய கதை பார்க்கலாம்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஆங்கிலத்தில், பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வதற்கும், நடக்காததை நடந்ததாகப் பாவித்துப் பேசுவதற்கும் தனியாக ஒரு வினைவடிவம் இருந்தது. 'இதற்கு நான் ஜவாப்தாரி அல்ல' என்று விகுதியே சொல்லிவிடும். நாளடைவில் சொற்களின் கடைசி அசைகள் மழுங்கின. 1066-ல் நார்மானியர் வந்து இறங்குமுன்பே தொடங்கிய இந்தத் தேய்மானம், அதற்குப் பின் வேகமாயிற்று. விகுதிகள் ஒன்றோடொன்று கலந்து, அந்தத் தனி வடிவத்துக்கும் சாதாரண இறந்த காலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. 'நான் ராஜாவாக இருந்தால்' என்பதற்கு ஆங்கிலேயர் 'இஃப் ஐ வேர் எ கிங்' என்கிறார்களே, அந்த 'வேர்' ஒன்றுதான் மிச்சம். இடிந்துபோன கோட்டையில் ஒற்றைத் தூண் நிற்பது போல் அது நிற்கிறது.

வடிவம் போயிற்றே தவிர, தேவை போகவில்லை. அந்த வேலைகளையெல்லாம் இறந்த கால வினையே தலையில் சுமக்க வேண்டியதாயிற்று. 'எனக்குத் தெரிந்திருந்தால் தேவலை' என்பது இன்றைய ஆசை. ஆங்கிலத்தில் வினை இறந்த காலம். 'நாம் புறப்படவேண்டிய நேரமாகிவிட்டது' என்பது இனிமேல் செய்யவேண்டிய காரியம். அங்கேயும் 'புறப்பட்டோம்' என்ற இறந்த கால வடிவந்தான். 'ஷுட்', 'வுட்', 'குட்', 'மைட்' எல்லாமே ஒரு காலத்தில் இறந்த கால வினைகள். 'மஸ்ட்' என்பதும் அப்படிப் பிறந்ததே. தன் நிகழ்காலத்தைப் பறிகொடுத்துவிட்ட அந்தச் சொல், இன்று அயற்கூற்றிலும் மாறாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த நிலைமைக்கு விதி வகுக்கப் புறப்பட்டவர்கள் பலர். ஜான் வாலிஸ் என்ற கணித மேதை 1653-ல் ஆங்கிலத்துக்கு லத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். ஆங்கில வினைக்கு உள்ளவை இரண்டே காலங்கள், நிகழ்வும் இறப்புந்தான் என்று அவர் கண்டு சொன்னது பெரிய காரியம். பிராணவாயு ஆராய்ச்சியால் பெயர் பெற்ற ஜோஸப் பிரீஸ்ட்லி 1761-லும், பின்னாளில் லண்டன் பிஷப்பாக உயர்ந்த ராபர்ட் லௌத் 1762-லும் இலக்கணம் வெளியிட்டார்கள். ஜனங்கள் பேசுவதே பிரமாணம் என்பது பிரீஸ்ட்லியின் கட்சி. ஆனால் லௌத்தின் வழியைப் பின்பற்றிய லிண்ட்லி மர்ரே என்பவருக்குத்தான் பள்ளிக்கூடங்களில் செல்வாக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் வக்கீலாக இருந்து இங்கிலாந்தில் யார்க் நகரத்தருகே குடியேறிய அவர், அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக 1795-ல் எழுதிய புத்தகம் எண்ணற்ற பதிப்புகள் கண்டது.

இப்படி வளர்ந்த பள்ளிக்கூட இலக்கணத்தில் ஒரு விதிவிலக்கும் சேர்ந்தது. என்றும் மாறாத உண்மையானால் வினை பின்வாங்க வேண்டியதில்லை. 'பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாத்தியார் சொன்னார்' என்பதில் நிகழ்காலமே இருக்கலாம். டென்மார்க்கில் பிறந்து ஆங்கிலேயருக்கே ஆங்கிலம் விளக்கிய ஆட்டோ யெஸ்பர்ஸன், 1924-ல் வெளியான தம் நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். பேசுகிறவனுடைய மனம் கடந்த காலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு சார்பு வாக்கியத்துக்கும் நின்று நிதானித்துக் காலம் பார்ப்பதில்லை என்பது அவர் கருத்து. மாறாத உண்மைகள்கூட அந்த ஓட்டத்தில் இறந்த காலமாகிவிடுவது உண்டு.

எனக்கு ருசிப்பது இதற்கு அடுத்தபடி வருகிற விஷயம். 'பாலம் பத்திரமாக இருக்கிறது என்று இன்ஜினீயர் சொன்னார்' என்று ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் எழுதினால், எழுதுகிறவனும் ஓரளவு அதற்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிறது. 'இருந்தது' என்று போட்டால், அது இன்ஜினீயரின் பேச்சு, அவர் பாடு, பாலத்தின் பாடு. காலத்தைக் காட்ட வந்த வினை, பொறுப்பு யாருடையது என்பதையும் காட்டிவிடுகிறது.

பிரிட்டிஷ் பார்லிமெண்டின் விவாதங்களை அச்சிட்ட ஹான்ஸர்டு தொகுதிகளைப் புரட்டினால் இது நன்றாக விளங்கும். 19-ஆம் நூற்றாண்டுத் தொகுதிகளில் பெரும்பாலான பேச்சுக்கள் படர்க்கையில், இறந்த காலத்தில் இருக்கின்றன. கனம் அங்கத்தினர் இன்னார் தாம் அவ்வாறு கருதினார் என்றும், நாட்டின் நிலைமை மோசமாக இருந்தது என்றும் சொன்னதாக வாக்கியங்கள் போகும். பேசியவருடைய சூடு ஆறி, நிருபரின் நிதானமான குரல்தான் கேட்கும். 1909 முதல் காமன்ஸ் சபை தன் சொந்த நிருபர்களை வைத்து அறிக்கை வெளியிடத் தொடங்கியது. 'நான் கருதுகிறேன்' என்று பேசியவர் வாய்ச்சொல்லே பக்கத்தில் ஏறியது. அதன் பிறகு, அது நிருபர் போட்ட வார்த்தை என்று யாரும் எளிதில் நழுவ முடியாது.

இனி நாவலுக்கு வருகிறேன். தலைமை வாக்கியத்தை வெட்டி எறிந்துவிட்டு, சார்பு வாக்கியத்தின் இறந்த காலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 'என்று அவள் நினைத்தாள்' போய்விடுகிறது. அவள் நினைப்பு மட்டும் ஆசிரியர் வாக்குப் போலவே நிற்கிறது. ஜேன் ஆஸ்டின் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். 1815 டிசம்பரில் வெளிவந்த 'எம்மா'வில், பாதிரியார் எல்ட்டன் தன் தோழி ஹாரியட்டை விரும்புவதாகக் கதாநாயகி நம்புகிறாள். அவளுடைய நம்பிக்கையெல்லாம் கதை சொல்கிற அதே இறந்த காலத்திலேயே வருவதால் நாமும் நம்பிவிடுகிறோம். கடைசியில் எல்ட்டன் எம்மாவிடமே காதலைச் சொல்லும்போது, அவளோடு சேர்ந்து நாமும் திடுக்கிடுகிறோம்.

பிரெஞ்சு மொழியில் இதே முறையைக் கையாண்ட பிளாபேர் 1857-ல் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியதாயிற்று. 'மேடம் பவாரி' ஒழுக்கத்துக்கு விரோதமானது என்று வழக்கு. கள்ளக் காதலில் கதாநாயகி காணும் இன்பக் கனவை, ஆசிரியரே அதைப் புகழ்கிறார் என்று சர்க்கார் வக்கீல் வாதித்தார். 'என்று அவள் நினைத்தாள்' என்ற சொற்கள் இருந்திருந்தால் அந்த வாதத்துக்கு இடமே குறைந்திருக்கும். பிளாபேர் விடுதலை பெற்றார். இந்த நடைக்கு சார்ல் பாலி என்ற மொழியறிஞர் பெயர் வைத்தது 1912-லேதான். பெயரில்லாத குற்றத்துக்கு வழக்கு முதலில் வந்தது, பெயர் பிறகு வந்தது!

ஆங்கில நாவலைத் தமிழில் பெயர்க்கிறவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். 'அவன் ஓர் அயோக்கியன்' என்று கதாநாயகியின் மனம் குமுறுவதை ஆசிரியரின் தீர்ப்பாக எழுதிவிட்டால் கதையே தலைகீழாகிவிடும்.

நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'என்று' என்ற ஒரு வேலியைப் போட்டுவிட்டு, அவனவன் சொன்னதை அவனவன் காலத்திலேயே விட்டுவிடுகிறோம். அதற்காக ஆங்கிலேயனைப் பார்த்துச் சிரிக்கவும் நியாயமில்லை. 'நாளை மழை பெய்தால்' என்கிறோமே, அந்தப் 'பெய்தால்' எங்கிருந்து வந்தது? 'பெய்த' என்ற இறந்த கால வடிவத்தின் உறவுதானே? உள்ளேயிருந்து 'இதோ வந்துவிட்டேன்' என்று குரல் கொடுப்பவர் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். விரைவைக் காட்ட வருங்காலத்தை இறந்த காலமாகச் சொல்வது உண்டு என்று தொல்காப்பியரே வினையியலில் இடம் கொடுத்திருக்கிறார்.

ஆங்கிலேயர் வினையைப் பின்தள்ளிச் செய்கிற காரியத்துக்கு நம்மிடம் 'ஆம்' என்ற இரண்டெழுத்து இருக்கிறது. 'அவன் கடன்பட்டு ஊரை விட்டுப் போய்விட்டானாம்' என்கிறவன் கேட்டதைச் சொல்கிறான். 'போய்விட்டான்' என்கிறவன் சாட்சியாகி விடுகிறான். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போது அந்த இரண்டெழுத்து எங்கேயோ உதிர்ந்துவிடுகிறது. ஒரு மனிதனுடைய பெயர் கெடுவதற்கு அது போதும்.