ருமேனிய நாவலும் கமக்காரனும்

1907ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், ருமேனியாவின் மொல்டாவியாப் பகுதியிலுள்ள பிளமின்சி என்ற கிராமத்திலே கமக்காரர் கிளர்ந்தெழுந்தனர். அவ்வூர்ப் பெயரின் பொருள் 'பசித்தோர்' என்பதாம். கதாசிரியன் எவனேனும் இப்படியொரு பெயரைச் சூட்டியிருந்தால், மிகைப்படுத்திவிட்டான் என்று விமர்சகர்கள் கடிந்திருப்பார்கள்.

1864ஆம் ஆண்டுச் சட்டம் பிரபுவுக்குக் கூலியின்றி உழைக்கும் கடமையிலிருந்து கமக்காரனை விடுவித்தது. வாழப் போதிய காணியை அவனுக்கு அளிக்கவில்லை. எனவே அவன் மீண்டும் பிரபுவின் நிலத்தையே நாடினான். இடையிலே நின்ற குத்தகைக்காரன் நிலத்தை மொத்தமாக எடுத்து, துண்டு துண்டாக வாரத்துக்கு விட்டு இலாபம் கண்டான். சோஷலிஸச் சிந்தனையாளர் டொப்ரொஜியானு-கேரியா 1910இல் வெளியிட்ட நூலில் இதனைப் 'புதிய பண்ணையடிமை முறை' என்றே அழைத்தார். தொடக்கத்திலே கோபம் யூதக் குத்தகைக்காரர் மீது திரும்பியது உண்மைதான். கிளர்ச்சி தெற்கே பரவியபோது ருமேனியக் குத்தகைக்காரனும் பிரபுவும் தப்பவில்லை.

மார்ச் மாதத்திலே பீரங்கிகளுடன் இராணுவம் இறங்கியது. இறந்தோர் எத்தனை பேர்? அரசாங்கத் தரப்பு 419 என்றது. பத்திரிகைகள் 11,000 வரை சொல்லின. இன்றும் தீர்ந்த முடிவில்லை. இவ்விரு எண்களுக்கும் இடையிலே மறைந்துபோன மனிதரை நாம் நாவல்களிலேதான் சந்திக்கின்றோம்.

லிவியு ரெப்ரியானுவின் 'கிளர்ச்சி' 1932இல் வெளிவந்தது. அவர் அக்காலத்தில் ஹங்கேரியின் ஆட்சியிலிருந்த திரான்சில்வேனியாவில் பிறந்தவர். கிளர்ச்சியை நேரிற் கண்டவரல்லர். ஆயினும் முணுமுணுப்பு தீயாக மாறும் விதத்தை அவரைப் போற் காட்டியவர் சிலரே. அவருடைய முந்திய நாவலான 'இயோன்' (1920), காணிக்காகவே பணக்காரன் மகளைக் கெடுத்து மணமுடிக்கும் ஏழை இளைஞனின் கதை. வறுமை மனிதனைப் புனிதனாக்கிவிடுவதில்லை என்பதை நம்முடைய எழுத்தாளர் சிலர் இந்நூலிற் கற்கலாம்.

சகரியா ஸ்டான்குவின் 'வெறுங்காலன்' 1948இல் வந்தது. அதிலே ஒரு காட்சி: பிரபுவின் திராட்சைத் தோட்டத்திற் பழம் பறிக்கும் ஏழைகளின் வாயில், நாய்க்குப் போடுவது போன்ற வாய்க்கூடு பூட்டப்படுகின்றது, ஒரு பழத்தையும் தின்றுவிடக் கூடாதென்று. பறிப்பவன் நாவுக்கும் பழத்துக்கும் இடையே கம்பி! சுரண்டலைப் பற்றிய பல பிரசுரங்களைவிட இக்காட்சி நெஞ்சில் நிற்கின்றது.

அடுத்த ஆண்டே, 1949இல், கூட்டுப் பண்ணை இயக்கம் தொடங்கியது, 1962இல் முடிந்தது. 1907இன் வீரரைப் போற்றிய அரசே அவர்களுடைய பேரர்களின் காணியைக் கேட்டது. 80,000க்கும் மேற்பட்ட கமக்காரர் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டனர் என்று 1961இல் கட்சித் தலைவர் கியோர்கியு-டேஜே கூறினார். பழியை மட்டும் தாம் முன்னரே வீழ்த்திய தோழர்மீது சுமத்தினார். இடதுசாரிகளாகிய நாம் இதைக் கண்டுங் காணாமற் போவது நேர்மையன்று.

இக்காலத்தின் நடுவே, 1955இல், மரின் பிரெடாவின் 'மொரொமெட்டெ குடும்பம்' முதற் பாகம் வெளியாயிற்று. போருக்கு முந்திய டான்யூப் சமவெளிக் கிராமம். ஞாயிறுதோறும் கொல்லன் பட்டறை முன்றிலிற் கூடிப் பத்திரிகையை உரக்கப் படித்துப் பாராளுமன்றத்தைக் கிண்டல் செய்யும் கமக்காரர்! அறியாமையில் மூழ்கிய 'மண்ணின் மைந்தர்' அல்லர் இவர்கள். கடனும் வரியும் நெருக்க, இலியெ மொரொமெட்டெ தன் வளவில் ஓங்கி நின்ற மரத்தை விடியற்காலையில் வெட்டிச் சாய்க்கின்றான். அதை வாங்குபவன் அயல் வீட்டுக்காரன். காணியை விற்காமற் காப்பதே அவனுடைய சுதந்திரம்.

இரண்டாம் பாகம் 1967இலேதான் வந்தது. அதில், முதுமையடைந்த மொரொமெட்டெயின் கண்ணெதிரே கூட்டுப் பண்ணை வருகின்றது. கட்சி ஊழியனாக அவ்வூருக்கு அனுப்பப்படுபவன் அவனுடைய கடைசி மகன் நிக்குலாயெ.