பாலாற்று வழக்கும் நம் போர்வெல்லும்

போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று நம்மில் பலர் அலுத்துக்கொள்வதுண்டு. அந்த உப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் சுத்திகரிக்கப்படாமல் பாலாற்றிலும் நிலத்திலும் விடப்பட்டது. பச்சைத்தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பும், பதனிடும் குரோமியமும் நிலத்தடி நீரில் இறங்கின. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் கண்டறிந்தது.

1991-ல் உச்ச நீதிமன்றம் சென்றது, நம்மைப் போன்ற குடிமக்கள் சேர்ந்த அமைப்பான வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது: கேடு வருமுன் தடுக்க வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும். இவ்விரண்டும் நாட்டின் சட்டமாயின. ஆனாலும் 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இறங்கிய உப்பு எளிதில் வெளியேறாது.

இன்று வயலும் தோப்பும் மனைகளாகின்றன. வருமுன் காப்பது தொழிற்சாலைக்கு மட்டுமான கடமையல்ல. புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் கேளுங்கள்: நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் பரிசோதிக்கப்பட்டனவா? கழிவுநீர் எங்கே போகும்? மழைநீர் எங்கே இறங்கும்? குடியேறிய பிறகு கேட்டால் பதில் வரலாம், நல்ல தண்ணீர் வராது.