இடைப்படம் ஒரகடம் வந்த கதை

ஒரு பெண் தலையை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்புகிறாள். கையால் வரையும் அனிமேஷனில் இந்த அசைவுக்குத் தலைமை ஓவியர் இரண்டே படம் வரைந்து கொடுப்பார். இடப்பக்கம் பார்க்கும் முகம் ஒன்று, வலப்பக்கம் பார்க்கும் முகம் ஒன்று. தொழிலில் இவற்றுக்குக் 'கீ' என்று பெயர். நடுவில் ஐந்தோ ஏழோ படம் வேண்டுமே, அவற்றை வரைகிறவர் வேறொருவர். வயதில் இளையவர், சம்பளம் குறைந்தவர், பெரும்பாலும் திரையில் பெயர் வராதவர். அவர் வரைவது இடைப்படம். ஸ்டுடியோக்காரர்கள் 'இன்பிட்வீன்' என்பார்கள்.

இந்த இடைப்படத்துக்கு ஏறக்குறைய நூறு வயது ஆகிறது. காகிதத்தில் பிறந்து, கணினிக்குள் போய், அங்கிருந்து எந்திரக் கையின் மூட்டுகளுக்குள்ளும் வீட்டுத் தொலைக்காட்சிக்குள்ளும் குடியேறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வரிசையாக நிற்கும் ஆலைகளுக்குள் இன்று அது நொடிக்கு நொடி பிறந்துகொண்டிருக்கிறது. அதை முதலில் வரைந்த கைகளைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை.

தொடக்கத்தில் இந்த வேலைப் பிரிவினை கிடையாது. அமெரிக்காவில் வின்சர் மெக்கே 1914-ல் 'கெர்ட்டி' என்ற டைனோசரைத் திரையில் ஆடவிட்டபோது, ஆயிரக்கணக்கான படங்களில் அந்த உருவத்தைத் தானே வரைந்தார். பின்னணியைப் படத்துக்குப் படம் நகலெடுக்க மட்டும் ஓர் உதவியாளர் இருந்தார். ஹென்றி ஃபோர்டு ஓடும் அசெம்பிளி லைனில் கார் பூட்டத் தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டு. அந்த முறை சித்திரக்கூடத்துக்கும் வர அதிக காலம் ஆகவில்லை. 1930-களில் டிஸ்னியில் கீ வரைகிறவர், நடுவிலுள்ள முக்கிய நிலையை வரைகிறவர், இடைப்படம் வரைகிறவர், கோட்டைத் துலக்குகிறவர், மை போடுகிறவர், வண்ணம் தீட்டுகிறவர் என்று ஒரு படம் பல கை மாறிப் போனது. கணக்கே அவர்களை அதற்குத் தள்ளியது. திரையில் நொடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது. ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு வைத்தாலும் நொடிக்கு 12 படம் வேண்டும். 80 நிமிடக் கதைக்கு, ஒரே ஒரு பாத்திரம் முழு நேரமும் அசைவதாக வைத்தால்கூட, 57,600 படம். எவ்வளவு பெரிய கலைஞரானாலும் ஒருவரால் ஆகிற காரியமில்லை.

இனி அந்தத் தாளைப் பார்ப்போம். சாதாரண வெள்ளைத் தாள்தான். கீழ் ஓரத்தில் மூன்று துளை இருக்கும். நடுவில் வட்டமாக ஒன்று, இருபுறமும் நீள்சதுரமாக இரண்டு. மேசையில் பதித்த உலோகப் பட்டையின் முளைகளில் அந்தத் துளைகள் பொருந்தும். எத்தனை தாள் மாற்றினாலும் படம் மயிரிழை நகராது. மேசையின் நடுவில் பால் நிறக் கண்ணாடி, அதற்கு அடியில் விளக்கு. முதல் கீயை வைத்து, அதன்மேல் இரண்டாவது கீயை வைத்து, மேலே வெற்றுத் தாளை வைத்தால் இரண்டு கோடுகளும் மங்கலாகத் தெரியும். நடுவில் பென்சில் போகிறது.

எங்கே போகிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் உயிர் இருக்கிறது. கீ படத்தின் ஓரத்தில் தலைமை ஓவியர் ஏணி போல ஒரு சின்னக் குறி போட்டிருப்பார். எந்த எண் படம் எங்கே விழ வேண்டும் என்று அது சொல்லும். படிகள் ஒரு முனையில் நெருங்கி, மறுமுனையில் விலகி இருக்கும். நெருங்கிய இடத்தில் அசைவு மெதுவாகும், விலகிய இடத்தில் வேகம் எடுக்கும். தலை மெல்லக் கிளம்பி, விரைந்து, மறுபடி மெல்ல நிற்க வேண்டும். எல்லாப் படத்தையும் சம இடைவெளியில் போட்டால் பார்க்கிறவருக்குப் பெண் தெரியமாட்டாள், காவல் கேமரா திரும்புவதுதான் தெரியும்.

இடைவெளி சரியாக இருந்தாலும் போதாது. தொங்கும் கையை வீசி மேலே தூக்குகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் நடுவில் விரலை வரைந்தால், அந்தப் படத்தில் கை திடீரெனக் குட்டையாகிவிடும். தோள் ஒரு கீல். விரல் நுனி அதைச் சுற்றி வில்லாகத்தான் போக முடியும். தலை திரும்பும்போதும் அப்படியே. பெரும்பாலும் நடுவழியில் முகவாய் சற்றுத் தாழ்ந்து மறுபடி உயரும். மூக்கு ஒரு தொங்கும் வளைவில் பயணப்படும். கண்கள் தலைக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும், நடுவில் ஒரு முறை இமைக்கும். இரண்டு கீயிலும் மூடிய இமை இருக்காது. அந்த இமைப்பு இடைப்படத்தில் மட்டுமே இருக்கிறது. ஆக, நடு என்பது பாதி அல்ல. இரண்டு முனையிலும் இல்லாத ஒன்று நடுவில் பிறக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் இரண்டு சுரங்களுக்கு நடுவே குரல் அசைந்து போகிற கமகத்தை எடுத்துவிட்டால் ராகம் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும் ஆகும்.

இதைச் சரிபார்க்க அவர்களிடம் எந்திரம் இல்லை, விரல்கள் இருந்தன. இடது கை விரல்களின் இடுக்கில் நான்கைந்து தாளைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கி விடுவார்கள். தாளின் சரசரப்போடு முகம் திரும்பும். எங்காவது கன்னம் உப்பினாலோ மூக்கு துள்ளினாலோ கண் உடனே பிடித்துவிடும். அழித்து மறுபடி வரைய வேண்டியதுதான். வில் பெரிதாக இருந்தால் தாள்களை முளையிலிருந்து கழற்றி, இரண்டு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நகர்த்தி ஒட்டி, நடு முகத்தை வரைந்து மறுபடி முளையில் மாட்டுவார்கள். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்த ஒருவருக்கு எடை, எலும்பு, துணியின் தொய்வு எல்லாம் கையில் ஏறிவிடும். அனிமேஷனில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஜப்பானின் புகழ்பெற்ற அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1963-ல் டோக்கியோவின் டோயி நிறுவனத்தில் சேர்ந்தது இடைப்படம் வரைகிறவராகத்தான்.

பள்ளிக்கூடம் நல்லது என்பதற்காகப் பிள்ளைகளைப் பட்டினி போடலாகாது. 1941 மே மாதம் டிஸ்னி ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம் வெடித்ததற்கு அடிமட்டக் கலைஞர்களின் குறைந்த கூலியும் ஒரு முக்கியக் காரணம். நல்ல சம்பளம் வாங்கிய ஆர்ட் பாபிட் போன்ற முன்னணி அனிமேட்டரே அவர்கள் பக்கம் போய் நின்றார்.

நம் ஊருக்கு இந்தத் தாள் எப்போது வந்தது? சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் தாணு என்ற ஓவியர் 1947-லேயே கார்ட்டூன் படம் எடுத்திருக்கிறார். முறையான பயிற்சியாக அது வந்தது 1956-ல். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் பம்பாய் வந்து, ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் நம் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்படிக் கற்றவர்களில் ஒருவர் ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். ஜப்பானியரான யூகோ சாகோவின் முயற்சியில் 1992-ல் வெளிவந்த இராமாயண அனிமேஷன் படத்தின் இயக்குநர்களில் அவரும் ஒருவர்.

தமிழ் ரசிகர்கள் பலர் முதலில் சந்தித்த இடைப்படங்கள் 1989-ல் வந்த 'ராஜா சின்ன ரோஜா'வில் இருந்தவையாக இருக்கும். எஸ்.பி. முத்துராமன் இயக்கிய அந்த ஏவிஎம் படத்தில் ரஜினிகாந்தும் குழந்தைகளும் வரைந்த விலங்குகளோடு சேர்ந்து ஆடிப்பாடுவார்கள். ஐந்து நிமிடப் பாட்டு, நாலு விலங்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 14,400 படம். இதில் பெரும்பகுதி இடைப்படம். பாட்டு இன்றும் தொலைக்காட்சியில் வருகிறது. அந்தத் தாள்களை வரைந்த கைகள் யாருடையவை என்று தமிழ் சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் தேடியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

'ராஜா சின்ன ரோஜா'வுக்கு இருபது ஆண்டு முன்பே வேறொரு நாட்டில் இடைப்படம் தாளைவிட்டு இறங்கிவிட்டது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த நெஸ்டர் புர்ட்னிக் 1969-ல் கலிபோர்னியாவில் ஒரு மாநாட்டுக்குப் போனார். தலைமை ஓவியர் கீ வரைவதையும் உதவியாளர்கள் நடுவை நிரப்புவதையும் டிஸ்னி அனிமேட்டர் ஒருவர் அங்கே விளக்கினார். அந்த நிரப்பும் வேலையைக் கணினிக்குக் கொடுத்தால் என்ன என்று புர்ட்னிக்குக்குத் தோன்றியது. ஒட்டாவா திரும்பி மார்செலி வைன் என்பவரோடு சேர்ந்து அதற்கான நிரலை எழுதினார். அதைக் கொண்டு பீட்டர் ஃபோல்டஸ் 1974-ல் எடுத்த 'பசி' என்ற குறும்படத்துக்குக் கான் திரைப்பட விழாவில் பரிசு கிடைத்தது. தின்று தின்று ஊதிப் பெருக்கும் ஒரு மனிதனின் கதை அது. ஒரு உருவத்தின் கோடுகள் உருகி இன்னொன்றாகின்றன. எலும்பில்லை, எடையில்லை. கதையே அருவருப்பைப் பற்றியது என்பதால் அந்த உருகல் பொருந்திப்போனது. ஒரு தாய் குழந்தையைத் தூக்குகிற காட்சியை அப்படி எடுத்திருக்க முடியாது.

கணினிக்கு வில்லைக் கற்றுக்கொடுத்தது ஒரு கார் கம்பெனி. பிரான்சில் ரெனோவில் வேலை பார்த்த பொறியாளர் பியர் பெசியே, காரின் உடல் வளைவுகளைக் கணினியில் வரைவதற்கு 1960-களில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோ அதே கணக்கை 1959-லேயே கண்டிருந்தார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டதால் பெயர் பெசியேவுக்குப் போனது. இரண்டு முனைப் புள்ளி, வளைவை இழுத்துப் பிடிக்க நடுவில் இரண்டு பிடிப்புள்ளி, அவ்வளவுதான். இன்றைய அனிமேஷன் மென்பொருளில் கீ-க்கும் கீ-க்கும் நடுவே வேகம் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று இழுத்து வைப்பது இந்த வளைவைத்தான். தலைமை ஓவியர் தாளின் ஓரத்தில் போட்ட ஏணிக்குறியின் பேரன் அது. கணினித் திரையில் நாம் படிக்கும் தமிழ் எழுத்தின் சுழிகளும் இதே குடும்பத்து வளைவுகள்தான்.

அந்த ரெனோ, நிசானோடு சேர்ந்து 2010-ல் ஒரகடத்தில் ஆலை திறந்தது. அதற்கு முன்பே, 1998-ல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கிவிட்டன. கார் ஆலையின் பாடி ஷாப்பில் தகட்டோடு தகட்டைப் பற்றவைக்கும் ரோபோக்களைப் பாருங்கள். ஒரு காரின் உடலில் சில ஆயிரம் பற்றவைப்புப் புள்ளிகள் இருக்கும். டெக்னீஷியன் கையில் டீச் பெண்டன்ட் என்ற கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்துக்கொண்டு ரோபோவை மெல்ல நகர்த்தி, இந்த இடம், அடுத்து இந்த இடம் என்று பாயின்ட்டுகளைப் பதிய வைக்கிறார். அவை கீ. நடுவில் எந்திரக் கை எப்படிப் போக வேண்டும் என்பதை ரோபோவின் மூளை சில மில்லி நொடிக்கு ஒரு முறை கணக்கிட்டுக்கொள்கிறது. அதற்குப் பொதுவாக இரண்டு வழி உண்டு. கையின் நுனி நேர்கோட்டில் போகலாம். அல்லது எல்லா மூட்டும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நிற்கும்படி திரும்பலாம், அப்போது நுனி வில்லாக வளைந்து போகும். நேர்கோட்டுக்கும் வில்லுக்கும் நடுவே விளக்கு மேசையில் நடந்த அதே வழக்கு.

சில சமயம் வழியில் ஒரு கிளாம்ப் நீட்டிக்கொண்டிருக்கும். கணக்குப்படி போனால் ரோபோவின் கை அதில் மோதும். அப்போது டெக்னீஷியன் நடுவில் வேலையே இல்லாத ஒரு பாயின்ட்டைப் பதிகிறார், சுற்றிக்கொண்டு போவதற்காக மட்டும். முகவாயைச் சற்றுத் தாழ்த்தி வரைந்த இடைப்பட ஓவியர் செய்ததும் இதுதான். ஐடிஐ முடித்து ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்கும் அந்த இளைஞருக்கு இந்த முன்னோரைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் ரோபோட்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர்கள், தரமணி திரைப்பட நிறுவனத்தில் அனிமேஷன் படிக்கிற பிள்ளைகளோடு ஒரு நாள் உட்கார்ந்து, கையை வீசும் ஐந்து படத்தைப் பென்சிலால் வரைந்து பார்த்தால் இரு தரப்புக்கும் லாபம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதே தொழிற்பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டிகளும் தயாராகின்றன. இடைப்படத்தின் பயணம் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்வது அந்தப் பெட்டி வழியாகத்தான். இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றின் திரை நொடிக்கு 60 முறையோ 120 முறையோ புதுப்பிக்கப்படுகிறது. வருகிற சினிமாவிலோ 24 சட்டகம்தான் உண்டு. அசைவை நிரவும் வசதி இயங்கினால், மிச்சத்தைப் பெட்டியே ஊகித்து வரைந்து நுழைத்துவிடுகிறது. கிரிக்கெட் பந்தைப் பின்தொடர அது உதவும். கையால் வரைந்த படத்துக்கு அது கேடு. ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தி வைத்தது ஓவியரின் முடிவு. வேகத்தைக் காட்ட முகத்தை ஒரே ஒரு படத்தில் நீட்டி இழுத்து வரைவதும் அவர் முடிவு. சக் ஜோன்ஸ் 1942-ல் எடுத்த 'தி டோவர் பாய்ஸ்' முழுக்க இந்த உத்தி உண்டு. பெட்டி இதையெல்லாம் குறை என்று நினைத்து நிரவப் பார்க்கிறது. கோடு கலங்குகிறது, உருவம் தண்ணீரில் மிதப்பது போல வழுக்குகிறது. நடிகர் டாம் குரூஸ் 2018-ல் காணொளி வெளியிட்டு, இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அவர் பேசியது நடிகர்கள் நடித்த படத்துக்காக. வரைந்த படத்துக்கு அது இன்னும் கூடுதலாகவே பொருந்தும்.

பிள்ளைகளோடு அடுத்த முறை ஒரு பழைய கார்ட்டூனையோ ஜப்பானியப் படத்தையோ போடுவதற்கு முன்னால் டிவியின் பட அமைப்புக்குள் போங்கள். பழைய சாம்சங் பெட்டிகளில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று அதற்கு ஒவ்வொரு பெயர் இருக்கும். அணைத்துவிட்டுப் பாருங்கள்.