பெங்களூர் சாலையில் இன்னொரு சரக்கு

காஞ்சிபுரத்துப் பட்டுக்கு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஊர் தன் பங்காகப் போடுவது கையும் காலும்தான். கையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். காலைப் பற்றிப் பேசுபவர் குறைவு. குழித்தறியில் உட்கார்ந்தவரின் கால்கள் குழிக்குள் மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்கின்றன. சாப்பிட, தண்ணீர் குடிக்க, அறுந்த இழையைப் பார்க்க என்று ஒவ்வொரு முறையும் முட்டியை ஊன்றித்தான் மேலே ஏற வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவருக்கு 62 வயது. எக்ஸ்ரே உறையை என் கையில் கொடுத்து, "தம்பி, பெங்களூர்ல ஏதோ செல் ஊசி வந்திருக்காமே. போட்டா ஜவ்வு மறுபடி வளருமா?" என்று கேட்டார். பட்டு வரும் அதே திசையிலிருந்துதான் அந்தச் சரக்கும் வருகிறது. அது எங்கே பிறந்தது என்பதிலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

அதன் பிறந்த வீடு இடுப்பெலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அங்கே பத்தாயிரம் செல்லுக்கு ஒன்று, சில சமயம் லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இந்தச் செல் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளியது. மஜ்ஜையைத் தட்டில் ஊற்றி வைத்தால் இது மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டு கதிர்போல் நீளும். மேலே மிதக்கும் மற்றவற்றைக் கழுவி ஊற்றிவிடலாம். சோவியத் ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபிரீடென்ஸ்டைன் 1960களிலும் 70களிலும் இதைத்தான் செய்து காட்டினார். எலும்பாகவும், அவர் ஜவ்வு என்று சொன்ன குருத்தெலும்பாகவும் மாறக்கூடியது என்பதால் 1991-இல் அமெரிக்காவின் ஆர்னால்டு கேப்லன் இதற்கு 'மீசென்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர்தான் பிற்பாடு உலகெங்கும் விளம்பரப் பலகை ஏறியது.

நம் பக்கத்துக் கதை பெங்களூரில் 2006-இல் தொடங்கிய ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தில் நடக்கிறது. ஆரோக்கியமான கொடையாளர்கள் சிலரின் மஜ்ஜையிலிருந்து செல்களைப் பிரித்து, ஒன்றாகக் கலந்து, உடல் சூட்டில் வைத்து வளர்க்கிறார்கள். எண்ணிக்கை கோடிகளை எட்டியதும் திரவ நைட்ரஜனில் உறையவைக்கிறார்கள். நைட்ரஜன் கொதிப்பதே மைனஸ் 196 டிகிரியில். அந்தக் குளிரில் செல்லுக்கு வயதாவதில்லை. யாரோ ஒருவரின் எலும்பில் பிறந்தது, முகம் தெரியாத இன்னொருவரின் முட்டிக்காக அங்கே காத்திருக்கிறது. ரத்ததானத்தின் மீது உள்ளதைப் போலவே இதன் மீதும் எனக்கு மரியாதை உண்டு.

எவ்வளவு போடுவது? முதலில் 60 பேரிடம் இரண்டரைக் கோடி, ஐந்து கோடி, ஏழரைக் கோடி, பதினைந்து கோடி செல் என்று நான்கு அளவுகளில் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2016-இல் வெளியானது. கூடுதலாகப் போட்ட இடத்தில் கூடுதல் பலன் இல்லை. வலியும் வீக்கமும்தான் அதிகம். மிகச் சிறிய அளவே மேல் என்று தெரிந்தது. அப்போதும் புள்ளியியல்படி உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. அடுத்து 146 பேரிடம், பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது என்ற முறையில் பெரிய சோதனை நடந்தது. அதன் பேரில் 2022-இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் அனுமதி தந்தது. இரண்டாம், மூன்றாம் நிலை முட்டித் தேய்மானத்துக்கு இரண்டரைக் கோடி செல், ஒரே ஊசி.

பெங்களூரிலிருந்து காஞ்சிக்கு வரும் சாலை கிருஷ்ணகிரி, ஆம்பூர் தாண்டி வேலூரைத் தொடுகிறது. அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலிசபெத் வினோத் குழுவினர் இந்தச் செல்லின் பங்காளி ஒன்றைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். அது மஜ்ஜையில் இல்லை, குருத்தெலும்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும் முன்னோடிச் செல். ஃபைப்ரோநெக்டின் என்னும் புரதம் பூசிய தட்டில் இருபதே நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும் குணத்தை வைத்து அதைப் பிரிக்கலாம் என்று 2004-இல் பிரிட்டனில் காட்டினார்கள். மஜ்ஜைச் செல்லைக் குருத்தெலும்பாக மாற்றப் பார்த்தால் அது எலும்பாகக் கெட்டிப்படும் பக்கம் சாய்கிறது. இந்தப் பங்காளிக்கு அந்தச் சாய்வு குறைவு. ஆய்வு இன்னும் மருந்துக்கடை வாசலுக்கு வரவில்லை. ஆனால் நாளைக்கு ஜவ்வு நிஜமாகவே வளர்ந்தால், அந்தச் செய்தி இந்த வழியாகத்தான் வரும் என்று நம்ப எனக்கு ஆசை.

உறைந்த பெங்களூர்க் குப்பி இளகி, ஊசி ஏறி, செல் முட்டிக்குள் போகிறது. பின்னாலேயே ஹயலுரானிக் அமிலம் போகிறது. செல் போய்ச் சேர்ந்த இடம் எப்படிப்பட்டது? எலும்பின் முனையில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு வழுவழுப்பு. அதில் ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு கிடையாது, முக்கால் பங்கு தண்ணீர். ரத்தம் வராத இடத்துக்குப் பழுதுபார்க்க ஆளும் வருவதில்லை. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று 1743-லேயே வில்லியம் ஹன்டர் எழுதிவைத்தார்.

நெசவாளரின் மனதில் இருந்த படம் பாவு இணைப்பது. பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பார்களே, அப்படி. அவரிடம் சொன்னேன்: "இல்லண்ணே, இது புது இழை இல்ல. தெருவுல பாவை நீட்டி விடியக்காலையில கஞ்சி போடுவீங்களே, அந்த மாதிரி." உள்ளே போன செல்களில் பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் மறைந்துவிடுகின்றன. இருக்கும்வரை அவை சுரக்கும் பொருள்கள் மூட்டு உறையின் அழற்சியைத் தணிக்கின்றன என்பதே இன்றைய பரவலான கருத்து. பெயர் வைத்த கேப்லனே 2017-இல், 'ஸ்டெம் செல்' என்ற பெயரை விட்டுவிடுங்கள், இது மருந்துச் சமிக்ஞை தரும் செல் என்று எழுதினார். தான் வைத்த பெயர் நோயாளிகளை ஏமாற்றப் பயன்படுவது அவரை உறுத்தியது. 146 பேர் சோதனையும் புது இழையைக் காட்டவில்லை, கஞ்சியைத்தான் காட்டுகிறது. ஓராண்டு முடிவில் செல் ஊசி போட்டவர்களுக்கு வலி குறைந்திருந்தது, நடமாட்டம் கூடியிருந்தது. எம்ஆர்ஐ படத்தில் மற்றவர்களின் ஆழக் குருத்தெலும்பு கெட்டுக்கொண்டே போக, இவர்களுடையது அவ்வளவாகக் கெடவில்லை. புதிதாக முளைத்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

இன்னொன்றையும் அவரிடம் மறைக்கவில்லை. அமெரிக்காவில் 475 பேரிடம், சொந்த மஜ்ஜை, சொந்தக் கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று வகைச் செல் ஊசிகளையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். 2023-இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் மூன்றில் ஒன்றுகூட ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. செல் வேறு, ஒப்பீடு வேறு, அதனால் பெங்களூர் முடிவை அது ரத்து செய்யாது. ஆனாலும் கடன் வாங்கி ஊசி போட நினைப்பவருக்கு இது தெரிந்தாக வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஆய்வகத்தில் வளர்த்த செல் இந்தியாவில் 2019 விதிகளின்படி புதிய மருந்து. அதற்கு அனுமதி வேண்டும். ரத்தநோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் ஆய்வுக்குள் மட்டுமே என்று 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழிகாட்டியது. இருந்தும் நம் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்த தட்டணுக் கரைசலுக்கும், எண்ணிப் பார்க்காத மஜ்ஜைச் சாற்றுக்கும் அதே பெயர் ஒட்டி விற்கப்படுகிறது. புடவை வாங்க வருபவர் ஜரிகையை உரசிப் பார்க்கும் ஊர் இது. ஊசி போடுகிறவரிடம் "மருந்தின் பெயர் என்ன, அனுமதி எங்கே, எத்தனை செல்?" என்று அதே உரிமையோடு கேட்கலாம்.

பிறகு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய கருப்பு இடைவெளி உள்பக்கம் அறவே இல்லை. நான்காம் நிலை என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார். பெங்களூர்க் குப்பிக்குக் கிடைத்த அனுமதி மூன்றாம் நிலையோடு நின்றுவிடுகிறது. இவருக்கு வழி மூட்டு மாற்று அறுவைதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு.

படத்தை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டே, "உங்க அண்ணிக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமா? அவளுக்கு இப்பத்தான் வலி ஆரம்பிக்குது" என்றார். அவர் மனைவி வாசலில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். எடுக்கலாம் என்றேன். "சரி, என்னோடது இந்தப் புடவை இறங்கினப்புறம். தறியில பாதியில நிக்குது" என்று சொல்லிவிட்டு, சட்டத்தைப் பிடித்து, வலது காலை முதலில் குழிக்குள் இறக்கினார்.