ஓர் எலெக்ட்ரான் குறை: குழாய் நீரைக் காக்கும் குளோரின்

2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா அளவு கூடியதால் நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பல வீடுகளில் குழாய் வறண்டது. அதே ஆற்றை நம்பியுள்ள சிங்கப்பூரும் தனது நிலையத்தின் செயல்பாட்டை நிறுத்தியது. கிருமியைக் கொல்லக் குளோரின் கைவசம் இருந்தும் நிலையங்களை ஏன் மூட வேண்டும்? விடை எலெக்ட்ரான்களின் அடுக்கமைப்பில் இருக்கிறது.

அணுக்கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காக அமைகின்றன. வெளி அடுக்கு நிறைந்த தனிமம் பிறவற்றோடு எளிதில் சேராது. ஆர்கானின் அமைப்பு 2, 8, 8. அதனால் அது அமைதியாக இருக்கிறது. குளோரினுக்கோ 2, 8, 7. ஒன்றே ஒன்றுதான் குறை. அந்த ஒன்றைப் பெறும் வேகமே அதன் வீரியம். நீரில் இட்டதும் குளோரின் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறி, கிருமிகளின் உடலிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்து அவற்றை அழிக்கிறது. குறை தீர்ந்ததும் குளோரைடு ஆகிவிடுகிறது. நாம் உண்ணும் உப்பில் இருப்பதும் இந்தச் சாதுவான குளோரைடுதான்.

தோட்டத்துப் பால் உறையாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவின் நெடி பலருக்குப் பழக்கமானது. அதன் மூலக்கூறில் நைட்ரஜனின் (2, 5) வெளி எலெக்ட்ரான்களில் மூன்று ஹைட்ரஜனோடு பிணைந்திருக்கும்; மீதி இரண்டு இணையாக வெளியே நிற்கும். ஹைப்போகுளோரஸ் அமிலம் அந்த இணையோடு வினைபுரிகிறது. முதலில் குளோரமின் உருவாகும். அதன் கிருமிநாசினித் திறன் குறைவு. அமோனியாவை முழுதும் நீக்க, அதிலுள்ள 1 கிராம் நைட்ரஜனுக்குக் கணக்குப்படி சுமார் 7.6 கிராம் குளோரின் தேவை. ஆற்றில் அமோனியா மிகுந்தால், கிருமிக்கென இட்ட குளோரின் அதற்கே செலவாகிவிடும். பாதுகாப்பற்ற நீரை அனுப்புவதைவிட நிலையத்தை மூடுவதே மேல்.

செம்பனை ஆலை, ரப்பர் ஆலை, கால்நடைப் பண்ணை ஆகியவற்றின் கழிவுகள் ஆற்றில் அமோனியாவைச் சேர்க்கக் கூடியவை. வாய்க்காலில் விடும் கழிவு கடைசியில் நம் குழாயை அடைக்கிறது.

வீட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குளோரின் பிளீச்சை அமோனியா கலந்த துப்புரவு நீரோடு கலந்தால் நச்சான குளோரமின் ஆவி எழும். அமிலம் கலந்த கழிவறைத் துப்புரவு நீரோடு கலந்தால் குளோரின் வாயுவே வெளிவரும். மூடிய குளியலறையில் இரண்டும் உயிருக்கு ஆபத்து. எனவே பிளீச்சை நீரோடு மட்டுமே கலக்க வேண்டும்.